லீவு 6 வாரம், ஆட்டிசம் உள்ள அஞ்சரை வயசுப் பையன்: சம்மர் கேம்பா, அம்முச்சி தோட்டமா?

மார்ச் 19, இரவு 9.52
காங்கயம் ரோடு

பையனுக்கு அஞ்சரை வயசு, 18 கிலோ. ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசுவான், அதுவும் ஏதாவது வேணும்னா மட்டும். பேர் சொல்லிக் கூப்பிட்டா பத்துக்கு மூணு தடவை திரும்புவான். கதவு திறந்திருந்தா ஓடிருவான். தெரபி சென்டர் ஏப்ரல் 25-ல இருந்து லீவு, ஸ்கூல் ஜூன்லதான் திறக்கும். வீட்டுல ரெண்டு கட்சி. திருப்பூர்ல 20 நாள் சம்மர் கேம்ப்ல சேர்த்துட்டா நாலு புள்ளைங்களோட பழகிப் பேச்சு வந்துரும்ங்குது ஒரு கட்சி. தாராபுரம் பக்கம் அம்முச்சி (அம்மாவோட அம்மா) தோட்டத்துல விட்டா மண்ணு, மாடு, காத்துன்னு தானா சரியாகும்ங்குது இன்னொண்ணு. மே கடைசில குலதெய்வம் கோயில்ல மொட்டை, காதுகுத்து வேற இருக்குது. எது சரி? கத்துக்கிட்டதெல்லாம் 6 வாரத்துல போயிருமா?

மார்ச் 19, இரவு 10.40
ஓ.டி. பீளமேடு

நான் ஓ.டி., அதாவது ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தர்ற வேலை). கேம்பா தோட்டமாங்கறதை அப்புறம் பாக்கலாம். எந்திரிச்சதும் அடுத்தது என்னன்னு அவனுக்குத் தெரியுமா, அதை முதல்ல பாருங்க. ஸ்கூல் நாள்ல அதே வேன், அதே பை, அதே பெல் இருக்கும். லீவு விட்ட அன்னைக்கு அத்தனையும் ஒண்ணாப் போயிரும். "ரெண்டாவது வாரத்துல எல்லாம் மறந்துட்டான்"னு வர்ற புகார்ல பாதிக்கு மேல இதுதான். தூக்கம் முதல்ல குலையும், அப்புறம் சாப்பாடு, அப்புறம் பாத்ரூம், கடைசியாத்தான் பேச்சு. அதனால பேச்சு குறையுதுன்னு பயந்தா, போன வாரத் தூக்கத்தை எழுதிப் பாருங்க.

கேம்ப்காரங்ககிட்ட நாலு கேள்வி கேளுங்க. ஒரு பெரியவருக்கு எத்தனை குழந்தை? மைக், பாட்டு உண்டா? காது கேக்காத தூரத்துல உக்கார ஒரு அறை இருக்கா? முதல் மூணு நாள் கூட உக்காந்து, தினம் ஒரு மணி நேரம் மட்டும் விடலாமா? ரெண்டு கேள்விக்கு இவனுக்கு ஒத்து வராத பதில் வந்தா அந்தப் பணத்தை மிச்சம் பிடிங்க. 30 புள்ளைங்க, மணிக்கு ஒரு மாஸ்டர், கடைசி நாள் மேடை டான்ஸ்னு ஓடுற கேம்ப் இவனுக்கு வேண்டாம்.

லீவுக்கு மூணு குறிக்கோள் போதும். கேக்கறதுக்கு ஒண்ணு (எ.கா. "இன்னும்", "போதும்"), கைவேலை ஒண்ணு (சட்டை மாட்டுறது, பாத்ரூம்), வீட்டாளுங்களுக்கு நிம்மதி தர்றது ஒண்ணு (கடையில 5 நிமிஷம் நிக்கறது). ஏப்ரல் 20-க்குள்ள சென்டர்ல உக்காந்து, ஒவ்வொண்ணும் இப்ப எந்தப் படியில இருக்குன்னு எழுதி வாங்குங்க. வாய்ல சொல்றதை மட்டும் நம்பி வராதீங்க. 15 நிமிஷமா மூணு வேளை உக்காருங்க, ஒரே மூச்சுல ரெண்டு மணி நேரம் உக்கார வச்சா வேலைக்காகாது. பத்து தடவைல எட்டு சரின்னு மூணு நாள் தொடர்ந்து வந்தா அடுத்த படி.

மார்ச் 20, காலை 6.15
சிறப்பாசிரியை, கோபி

படப் பலகை (அடுத்தடுத்துச் செய்ய வேண்டியதைப் படமா வரிசையா ஒட்டுற பலகை) இல்லாம மேலே சொன்னது எதுவும் நிக்காது. பெரிசா ஆர்ட் வொர்க் வேண்டாம். அவனோட சொந்த வட்டல் (தட்டு), சொந்த பிரஷ், தோட்டத்துத் தூரி (ஊஞ்சல்), இதையெல்லாம் போன்ல படம் எடுங்க. இன்டர்நெட்ல எடுத்த வெள்ளைக்காரப் புள்ளை பல்லு விளக்குற படம் வேண்டாம். 5 செ.மீ. சதுரமா வெட்டி லேமினேட் பண்ணி, மூலையை உருட்டி வெட்டுங்க. கூர் மூலையைக் கடிச்சே பிரிச்சிருவாங்க. பலகைல ஒரு நேரத்துல நாலு படத்துக்கு மேல வேண்டாம். முடிஞ்ச படத்தை அவனே எடுத்து "முடிஞ்சது" டப்பாவுல போடணும், நீங்க எடுக்கக் கூடாது.

படத்தை ஒட்டிப் பிரிக்க வெல்க்ரோ பட்டை: சொரசொரப் பக்கம் பலகைல, மெத்துப் பக்கம் படத்துல. எல்லாத்துக்கும் ஒரே மாதிரி ஒட்டுங்க, ஒரு படத்துல மாத்தி ஒட்டுனா அது பொருந்தாது. பிரிக்கிற சத்தத்துக்குக் காதைப் பொத்துறானா? அப்ப காந்தம், இரும்புத் தட்டம்.

"மாற்றம்"னு ஒரு படம் தனியா வேணும், சிவப்புக் கேள்விக்குறி மாதிரி. முதல் பத்து தடவை அது நல்ல சமாச்சாரத்துக்கு மட்டும் வரணும்: சாப்பாட்டுக்கு முன்னாடி நுங்கு, குளிச்சிட்டு இன்னொரு தடவை தூரி. அப்புறம்தான் "மழை, இன்னைக்கு வெளிய போகல". முதல் தடவையே கெட்ட சேதிக்குக் காட்டுனா அந்தப் படத்தைப் பார்த்தாலே அழுவான்.

மார்ச் 20, காலை 9.05
நொய்யல் கரை

கூட ஒண்ணு. தேதி கிழிக்கிற காலண்டர் எல்லார் வீட்டுலயும் இருக்குது. தினம் படுக்கறப்ப ஒரு தாள். ஸ்கூல் திறக்கற தேதித் தாள்ல ஸ்கூல் படம். இன்னும் எத்தனை நாள்னு கண்ணுல தெரியும்.

மார்ச் 20, காலை 9.20
காதர்பேட்டை கட் பீஸ்

கிழிக்கப் பிடிச்ச புள்ளையா இருந்தா மே மாசம் பூரா ஒரே சாயங்காலத்துல முடிஞ்சு, ஜூன் 2-ந் தேதி ஏப்ரல்லயே வந்துரும்.

மார்ச் 20, காலை 9.41
நொய்யல் கரை

பேப்பர் கிளிப் போட்டு மிச்சத்தை இறுக்கிட்டு, இன்னைக்குத் தாள் மட்டும் வெளிய.

மார்ச் 20, மதியம் 1.30
சிறப்பாசிரியை, கோபி

காலண்டர் நல்லதுதான், ஸ்கூல் படத்தை மட்டும் இப்பவே ஒட்டாதீங்க. வெயிலுக்காகத் திறப்புத் தேதியை அரசு தள்ளி வைக்கறது உண்டு. 2023-ல ஜூன் 1, அப்புறம் 7, அப்புறம் 12, சின்ன வகுப்புக்கு 14-ன்னு போச்சு. 2024-லயும் ஜூன் 6-ங்கறது 10 ஆச்சு. எண்ணி எண்ணி வந்த குழந்தைக்குக் கடைசி நாள்ல "இல்லை"ன்னா அந்த வாரமே போச்சு. தேதி உறுதியாகி, அஞ்சு நாள் இருக்கறப்ப ஒட்டுங்க. அது வரைக்கும் வெறும் தாள்.

மார்ச் 21, இரவு 8.10
காங்கயம் ரோடு

அம்முச்சி தோட்டம்னே முடிவு. நான் சனி, ஞாயிறு மட்டும் போவேன், வீட்டுக்காரி 6 வாரமும் இருப்பா. கேம்ப் வேண்டாம்னுட்டோம்.

மார்ச் 21, இரவு 8.55
அமராவதி பாசனம்

தோட்டம்னா முதல் வேலை தண்ணி. படப் பலகை அப்புறம். 2012-ல பீடியாட்ரிக்ஸ் இதழ்ல வந்த அமெரிக்க ஆய்வுல, ஆட்டிசம் உள்ள குழந்தைகள்ல பாதிப் பேர் (49%) நாலு வயசுக்கு அப்புறம் ஒரு தடவையாவது வீட்டை விட்டோ பள்ளியை விட்டோ ஓடப் பார்த்திருக்காங்க. ஓடுற புள்ளைங்களுக்கு முதல் ஆபத்து தண்ணி. நம்மூர் தோட்டத்துல அது ஏழெட்டு இடத்துல இருக்கும். புள்ளை போறதுக்கு ஒரு வாரம் முன்ன ஒரு பெரியவர் மட்டும் போயி நடந்து பாருங்க.

கிணறு: கைப்பிடிச் சுவர் 4 அடிக்குக் குறைஞ்சா கம்பி வலை போட்டே ஆகணும். 4 அடி இருந்தாலும் சுவரை ஒட்டிக் கல்லு, குடம், ஸ்டார்ட்டர் பெட்டிக்குக் கட்டுன திட்டு எதுவும் இருக்கக் கூடாது, அதுவே படிக்கட்டு. பொடக்காலித் (வீட்டுப் பின்பக்கத்து) தரைத்தொட்டிக்குப் பூட்டு, வெறும் மூடி பத்தாது. மாட்டுத் தொட்டியை மாடு குடிச்சதும் கவுத்துருங்க. தண்ணி வராத போர்க்குழி இருந்தா இரும்பு மூடியைப் போல்ட் போட்டு இறுக்குங்க.

இதுல மோசமானது பண்ணைக் குட்டை. பிளாஸ்டிக் ஷீட் விரிச்ச குட்டைல சரிவு வழுக்கும், நீச்சல் தெரிஞ்ச பெரியவனுக்கே ஏறி வர முடியாது. முள்வேலியோ வலையோ சுத்திப் போட்டு, நாலு பக்கமும் முடிச்சுப் போட்ட கயிறை உள்ள தொங்க விடுங்க. கயிறு காப்பாத்த இறங்குறவனுக்கு.

வாய்க்கால்ல எப்பத் தண்ணி வரும்னு பாசனத்துக்காரங்ககிட்டக் கேளுங்க. நேத்து வறண்டு கிடந்து அவன் ஓடி விளையாடுன வாய்க்கால்ல இன்னைக்கு இடுப்பளவு ஓடும். அது மாறிருச்சுன்னு அவனுக்குத் தெரியாது.

காணோம்னா வீட்டுக்குள்ள தேடாதீங்க. முதல்ல கிணறு, குட்டை, தொட்டி, வாய்க்கால், ஆளுக்கு ஒரு தண்ணியா ஓடுங்க. யார் எதுக்குன்னு முன்னாடியே பேசி வச்சுக்கணும். அப்புறம்தான் கட்டிலடி, மச்சு. 112-க்குக் கூப்பிட 10 நிமிஷம் பார்த்துட்டுன்னு காத்திருக்க வேண்டியதில்லை.

மார்ச் 22, காலை 7.00
ஓ.டி. பீளமேடு

மேலே உள்ளதைப் பார்த்துட்டு நான் சொன்ன வரிசையை மாத்திக்கறேன். தண்ணி, கதவு, அப்புறம் குறிக்கோள். கதவுக்கு உள் தாழ்ப்பாள் அஞ்சரை அடிக்கு மேல, கூடவே ஒரு மாட்டு மணி. காந்த சென்சார் அலாரமும் கிடைக்குது, ஆனா அதோட கீச்சுச் சத்தம் சில புள்ளைங்களுக்குப் பிடிச்சுப் போயி, சத்தத்துக்காகவே கதவைத் திறப்பாங்க. மணி மேல்.

மார்ச் 22, காலை 10.12
காதர்பேட்டை கட் பீஸ்

துணி விஷயம். கழுத்து லேபிளை வெட்டுனா மட்டும் போதாது, வெட்டுன முனை இன்னும் குத்தும். தையலைப் பிரிச்சு எடுங்க. உள்பக்க ஓவர்லாக் தையல்தான் பல பேருக்கு எரிச்சல். வீட்டுல இருக்கறப்ப உள்பக்கத்தை வெளிய திருப்பிப் போட்டு விடுங்க, யாரு பாக்கப் போறா. 95% காட்டன் 5% லைக்ரா (இழுவை நூல்), 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்) சிங்கிள் ஜெர்சி பனியன் துணி வெயிலுக்குச் சரி. புதுசை மூணு தடவை அலசிட்டுப் போடுங்க, கஞ்சி வாடையும் விறைப்பும் போகணும். சட்டை பிடிச்சிருச்சுன்னா அதே கலர்ல ஆறு எடுத்துருங்க, அடுத்த மாசம் அந்த ரோல் இருக்காது.

ஓடுற புள்ளைன்னா சட்டைல போன் நம்பர் லேபிள் வச்சுத் தைங்க.

மார்ச் 22, காலை 10.30
நொய்யல் கரை

லேபிளைப் பிரிங்கன்னு அஞ்சு வரி எழுதிட்டு ஆறாவது வரில லேபிள் தைக்கச் சொல்றீங்களே!

மார்ச் 22, காலை 11.02
காதர்பேட்டை கட் பீஸ்

அடிக்கடி வர்ற வியாதி. திருத்தறேன்: தைக்க வேண்டாம், ஹீட் டிரான்ஸ்ஃபர் பிரிண்ட் (சூட்டுல அழுத்தி ஒட்டுற அச்சு) போடுங்க. உடம்புல படாம சட்டைக்கு வெளிப்பக்கம், முதுகுல கீழ் ஓரம். தடியான பிளாஸ்டிக் மாதிரி இருக்கற பிரிண்ட் வேண்டாம், பத்து சலவைல வெடிச்சு அதுவும் குத்தும். "பேச்சு குறைவு, இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க"ன்னு ரெண்டு நம்பர். பேர் போடாதீங்க, கண்டவனும் பேர் சொல்லிக் கூப்பிடுவான்.

மார்ச் 22, மாலை 6.45
புதுப்பாளையம் அக்கா

தூக்கத்துக்கு வெயிட்டட் பிளாங்கெட்னு (கனமான போர்வை) ஒண்ணு ஆன்லைன்ல விக்கறாங்க. சென்னிமலைப் போர்வைக்குள்ள கட்டம் கட்டமாத் தைச்சு அரிசி நிரப்பி வீட்டுலயே பண்ணலாமா?

மார்ச் 22, இரவு 9.18
ஓ.டி. பீளமேடு

வேண்டாம். 2014-ல ஆட்டிசம் உள்ள குழந்தைகளை வச்சே நடந்த ஆய்வுல, கனமான போர்வையால தூக்க நேரம் கூடல. சின்னப் புள்ளை தானா விலக்க முடியாத கனத்தை ராத்திரி பூரா மேல போடறது ஆபத்து. மே மாசத்துல அதுக்குள்ள வெந்துருவான். அரிசில வண்டு வரும்ங்கறது தனிக் கதை.

இறுக்கம் பிடிக்கும்னா பகல்ல 5 நிமிஷம் பவானி ஜமக்காளத்துல சுருட்டுங்க. அக்குள் வரைக்கும்தான், கையும் தலையும் வெளிய, நீங்க பக்கத்துல. உருட்டி விட்டு, தோளுல இருந்து கால் வரைக்கும் உள்ளங்கையால அழுத்தி வாங்க, தடவாதீங்க. லேசாத் தடவுனா சில பேருக்குக் கூசி இன்னும் துள்ளுவாங்க. "இன்னும்", "போதும்" சொல்லிக் கொடுக்க இதை விட நல்ல இடம் கிடையாது. ஒவ்வொரு அஞ்சு அழுத்தத்துக்கும் நிறுத்திட்டுக் காத்திருங்க, பத்து வரைக்கும் மனசுக்குள்ள எண்ணுங்க.

மார்ச் 23, காலை 8.30
காதர்பேட்டை கட் பீஸ்

ராத்திரிக்கு லைக்ரா உறை பண்ணலாமே. மெத்தையைச் சுத்தி உறை மாதிரி, அதுக்குள்ள நுழைஞ்சு படுக்கறது. கணக்கு: 36 அங்குல அகலம், 5 அங்குல மொத்தம் உள்ள மெத்தைக்குச் சுத்தளவு 82 அங்குலம். துணியை 67 அங்குலத்துக்கு வெட்டித் தைச்சா அளவான பிடிப்பு. நீளம் தோளுக்குக் கீழ இருந்து பாதம் வரை, இவனுக்கு 36 அங்குலம் போதும். இழுவை அகலவாக்குல வரணும், நீளவாக்குல வந்தா வெறும் போர்வைதான். 220 ஜிஎஸ்எம்ல கிட்டத்தட்ட 350 கிராம் பிடிக்கும். கிலோ கணக்குல விக்கற கடைல அரைக் கிலோ வாங்குனா மிச்சத்துல ஒரு பையும் தைக்கலாம்.

மார்ச் 23, காலை 9.10
ஓ.டி. பீளமேடு

சரி, ஆனா ரெண்டு நிபந்தனை. அவனா உள்ள போயி அவனா வெளிய வரத் தெரியணும், பகல்ல அஞ்சாறு தடவை பழக்குன பிறகுதான் ராத்திரி. கழுத்து பக்கம் எப்பவும் ஏறக் கூடாது. வேர்த்தா எடுத்துருங்க.

மார்ச் 24, இரவு 9.30
காங்கயம் ரோடு

தூரி கட்டலாம்னு இருக்கறோம். வாசல்ல முருங்கை இருக்குது, வேப்பமரம் கொஞ்சம் தள்ளி.

மார்ச் 24, இரவு 9.36
அமராவதி பாசனம்

முருங்கைல தூரி கட்டுனா முருங்கை கீழ, புள்ளை அதுக்கும் கீழ. முருங்கைக் கிளை சொல்லாமக் கொள்ளாம ஒடியும். வேப்பமரத்துல ஆறு அங்குலத்துக்குக் குறையாத பச்சைக் கிளை. கயிறு 12 மி.மீ. நைலான், கிளைல சாக்கு சுத்திட்டுக் கட்டுங்க. ரெண்டு பெரியவங்க சேந்து பத்து நிமிஷம் ஆடிப் பாருங்க. வீட்டுக்குள்ளன்னா ஃபேன் கொக்கில கட்டாதீங்க, அது ஃபேனுக்குத்தான். ஓட்டு வீட்டு உத்திரம்னா கரையான் தட்டிப் பாருங்க.

மார்ச் 25, காலை 6.50
ஓ.டி. பீளமேடு

பலகை உயரம், உக்காந்தா கால் தரைல படணும், அவனா நிறுத்தத் தெரியணும். முன்னும் பின்னும் மெதுவா ஆடறது அடக்கும், சுத்தறது உசுப்பும். தூங்கப் போற நேரத்துக்குச் சுத்து வேண்டாம். 10-ல இருந்து 15 நிமிஷம், சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள்ள கூடாது. முகம் வெளுக்குது, வேர்க்குது, சிரிப்பு நிக்கலைன்னா உடனே நிறுத்துங்க. மயக்கம் சில பேருக்கு ரெண்டு மணி நேரம் கழிச்சு வாந்தியா வரும். வலிப்பு உள்ள குழந்தைக்கு நியூராலஜிஸ்ட் சொல்லாமச் சுத்தவே வேண்டாம். பழைய சேலைல கட்டுற தூரில ஒரு நிமிஷம் கூடத் தனியா விடாதீங்க, கழுத்துல சுத்திக்கும்.

தூரிக்கு அப்புறம் கனவேலை. தோட்டத்துல இதுக்குக் காசே வேண்டாம். மட்டையோட ஒரு தேங்காய் ஒண்ணு, ஒண்ணரைக் கிலோ வரும். 18 கிலோ புள்ளைக்கு அதுதான் அளவு (உடல் எடைல 5-ல இருந்து 10 சதவீதம்). இடது பக்கம் எட்டுத் தேங்காய், பத்தடி தள்ளி வலது பக்கம் காலிக் கூடை. எட்டும் போனா வேலை முடிஞ்சது, சொல்லவே வேண்டாம், கண்ணுக்குத் தெரியும். அதே கூடையைத் திருப்பிக் கொண்டு வரச் சொல்லாதீங்க. முடிஞ்சதுன்னா முடிஞ்சதுதான்.

மார்ச் 25, காலை 11.25
சிறப்பாசிரியை, கோபி

பேச்சுல நம்மாளுங்க எல்லாரும் செய்யற ஒரு தப்பு. "சாமி, தண்ணி வேணுமா?"ன்னு கேப்போம். அவன் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ற புள்ளைன்னா "வேணுமா"ன்னு சொல்லுவான். அதையே கேக்கற வார்த்தையா மனசுல போட்டுக்குவான், அப்புறம் தாகம் எடுத்தா "தண்ணி வேணுமா?"ன்னு நம்மளக் கேப்பான். அதனால கேள்வியா விடாம அவன் வாய்ல வர வேண்டியதையே சொல்லுங்க: "தண்ணி வேணும்." தம்ளரைக் காட்டிட்டு, சொல்லிட்டு, காத்திருங்க. அம்முச்சி, அப்பச்சி, மாமன் எல்லாரும் ஒரே வார்த்தை. ஒருத்தர் தண்ணி, ஒருத்தர் தீர்த்தம், ஒருத்தர் வாட்டர்னா ஆகாது.

படம் காட்டுனா பேச்சு வராமப் போயிரும்னு அம்முச்சி சொல்லுவாங்க. அப்படி ஆகறதில்ல, ஆய்வுகள் படத்தால பேச்சு குறையறதாக் காட்டல, பல பேருக்குக் கூடத்தான் செய்யுது. வீட்டுல தெலுங்கோ கன்னடமோ பேசற குடும்பம்னா அதை நிறுத்த வேண்டாம். ரெண்டு பாஷை ஆட்டிசப் புள்ளைக்குப் பேச்சைத் தாமதப்படுத்தறதில்ல. நம்மூர்ல இதைச் சொல்லி நிறையப் பேர் ஆத்தா பேசற பாஷையையே புள்ளைகிட்ட நிறுத்திட்டாங்க.

மார்ச் 26, இரவு 7.40
புதுப்பாளையம் அக்கா

சாப்பாடு யாரும் பேசல. வெள்ளையா இருந்தாத்தான் தின்பான்னு இருக்கற புள்ளைக்கு அரிசிம்பருப்பு சாதம் போட்டு "ஒரு வாய், ஒரே வாய்"னு அம்முச்சி துரத்துனா ரெண்டாம் நாள் வட்டலைப் பார்த்தே ஓடுவான். பிடிச்சதுல இருந்து ஒரு அடி தள்ளி நகருங்க. சந்தகை (இடியாப்பம் மாதிரி) தின்பான்னா: வெறும் சந்தகை, அடுத்த வாரம் அதே சந்தகை கொஞ்சம் தடியான அச்சுல, அதுக்கடுத்து பத்துக் கரண்டி மாவுக்கு ஒரு கரண்டி ராகி, நிறம் லேசா மாறட்டும். புதுசு எப்பவும் தனிக் கிண்ணத்துல, தொடாட்டியும் பரவால்ல, மோந்து பார்த்தாலே ஒரு படி. ஒரு நேரத்துல ஒரு மாத்தம்தான்: அச்சு மாத்துனா மாவை மாத்தாதீங்க.

பாலும் கோதுமையும் நிறுத்துனா ஆட்டிசம் குறையும்னு வாட்ஸப்ல வரும். அதுக்கு ஆதாரம் பலமா இல்லை. அஞ்சு ஐட்டம் மட்டும் தின்ற புள்ளைக்குப் பாலையும் நிறுத்துனா எலும்புக்குக் கேடு. டாக்டர் சொல்லி நிறுத்தியே ஆகணும்னா ராகியைச் சேருங்க, 100 கிராம்ல 340 மி.கிராமுக்கு மேல கால்சியம்.

மார்ச் 27, காலை 10.00
மருந்துக்கடை, பெருந்துறை

வெயிலும் மருந்தும். ரிஸ்பெரிடோன், அரிப்பிப்ரசோல் (எரிச்சல், ஆவேசம் குறைய டாக்டர் கொடுக்கறது) சாப்பிடற புள்ளைங்களுக்கு வெயில் தாங்குற சக்தி குறையும். வலிப்புக்கு டோபிரமேட் சாப்பிட்டா வேர்வையே குறையும், உடம்பு சூடேறும், வெளிய தெரியாது. 11-ல இருந்து 4 வரைக்கும் நிழல். லீவுதானேன்னு இந்த மருந்துகளை நீங்களா நிறுத்தாதீங்க. டோபிரமேட்டைத் திடீர்னு விட்டா வலிப்பு திரும்பும். ஊருக்குப் போறப்ப 10 நாள் கூடுதலா எடுத்துக்கங்க, சீட்டும் கூட.

18 கிலோவுக்கு ஒரு நாள் நீர் கணக்கு: முதல் 10 கிலோவுக்கு 1000 மில்லி, மீதி 8-க்குக் கிலோவுக்கு 50, ஆக 1400 மில்லி. பால், மோர், இளநீர் எல்லாம் இதுல அடக்கம். தாகம்னு சொல்லத் தெரியாத புள்ளைன்னா கேட்டுக் கொடுக்கறது நடக்காது. படப் பலகைல தூரிக்கு அப்புறம் ஒரு தம்ளர், தேங்காய்க்கு அப்புறம் ஒரு தம்ளர்னு வைங்க.

மார்ச் 27, இரவு 10.15
காங்கயம் ரோடு

அம்முச்சி வீட்டுல எல்லாருக்கும் இதைப் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கறேன். மொட்டை, காதுகுத்து மட்டும் பாக்கி. தேதி குறிச்சாச்சு, மாத்த முடியாது. ஒறம்பரை (சொந்தக்காரங்க) எல்லாத்துக்கும் சொல்லியாச்சு.

மார்ச் 28, காலை 7.20
ஓ.டி. பீளமேடு

தேதியை மாத்த வேண்டாம், ரெண்டையும் ஒரே நாள்ல செய்யறதை மாத்துங்க. காது ஆற ஆறு வாரம். மே கடைசில குத்துனா ஜூன்ல ஸ்கூல் திறக்கறப்பப் புண்ணு. கையை எடுக்காமத் தொடுவான், சீழ் பிடிக்கும். அதை விடப் பெரிசு, நோம்பிச் (கோயில் திருவிழாச்) சத்தத்துக்குக் காது மூடி போடுவீங்களே, அது நேரா அந்தப் புண்ணு மேலதான் அமுக்கும். காதுகுத்தைத் தள்ளுங்க.

மொட்டைக்கு நாலு வாரம் பழக்கணும். முதல் வாரம் ஈரத்துணியால தலை துடைச்சு, சீப்பு வச்சு, சத்தமா அஞ்சு எண்ணி நிறுத்துங்க. எண்ணிக்கைதான் உயிர்நாடி, அஞ்சுன்னா அஞ்சுல நிக்கணும். ரெண்டாவது வாரம் மடில உக்கார வச்சுச் சொம்புத் தண்ணி, பிளாஸ்டிக் கரண்டி முதுகால வழிக்கற மாதிரி, பத்து வரைக்கும். மூணாவது வாரம் டிரிம்மர்: ஓடாம தலைல, அப்புறம் அடுத்த அறைல ஓட விட்டு, அப்புறம் அவன் கைல கொடுத்து, அப்புறம் முழங்கைல. நாலாவது வாரம் நிஜமா ஒரு வரி. எந்தப் படியில அழுதாலும் முந்தின படிக்குத் திரும்புங்க, அமுக்கிப் பிடிச்சு முடிச்சா அடுத்த ரெண்டு வருஷம் முடி வெட்டறது நின்னுரும்.

தாய்மாமன் மடில உக்காரப் போறான்னா மாமன் அன்னைக்குப் புதுசா வந்து நிக்கக் கூடாது. இந்த நாலு வாரத்துல ஆறேழு நாள் மாமன் மடிலயே பழக்குங்க. அன்னைக்கு வெடியால ஆறு மணிக்குள்ள, மேளம் கட்டறதுக்கு முன்ன, கத்தி இல்லாம ஜீரோ டிரிம்மர். திடீர்னு திரும்புற தலைக்குக் கத்தி ஆகாது.

மார்ச் 28, காலை 8.05
அமராவதி பாசனம்

மூணாவது வாரத்துல முடியலைன்னு தெரிஞ்சா பூமுடி கொடுத்துருங்க. மூணு கொத்து முடி வெட்டிக் காணிக்கையாப் போட்டா சாமி ஏத்துக்கும், ஒறம்பரைதான் நாலு நாள் பேசும். பூசாரிகிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லி வைங்க.

மார்ச் 28, மாலை 5.50
நொய்யல் கரை

காது மூடி பத்தி. துப்பாக்கி சுடறவங்க, மில்லுல வேலை செய்யறவங்க போடற மாதிரி 20-ல இருந்து 25 டெசிபல் குறைக்கறது சரி. நாள் பூரா மாட்டி வச்சா காது இன்னும் நொய்யாகும், சத்தம் வர்ற 20, 30 நிமிஷத்துக்கு மட்டும். மே மாசத்துல கரூர் மாரியம்மன் நோம்பி, ஊர் ஊருக்குக் கம்பம், தப்பட்டைன்னு ஓயாது. நோம்பிச் சாட்டுன (திருவிழா அறிவிச்ச) நாள்லயே தேதி வாங்கி "மாற்றம்" படத்தோட பலகைல போடுங்க.

மார்ச் 28, மாலை 6.04
காதர்பேட்டை கட் பீஸ்

மொட்டைத் தலைல காது மூடி வழுக்கும். அந்தப் பட்டைக்கு லைக்ரா துணி உறை போடுங்க. அரைக் கிலோவுல மிச்சம்னு சொன்னேனே.

மார்ச் 30, இரவு 9.00
சிறப்பாசிரியை, கோபி

வீட்டுக்காரி ஒருத்தரே 6 வாரம் பாக்க முடியாது. மத்தியானம் ரெண்டு மணி நேரம் வேற ஒருத்தர், எழுதி வச்ச பொறுப்பா. அந்த ரெண்டு மணி நேரத்துல புள்ளை யார் கண்ணுலன்னு வாய்விட்டுச் சொல்லி மாத்திக்கணும்: "இப்ப என் கண்ணுல." எல்லாரும் பாத்துக்கிட்டிருக்கற நேரத்துலதான் யாரும் பாக்காம இருப்பாங்க.

அப்புறம், ஊருல இருக்கறப்ப ஒரு நாள் யு.டி.ஐ.டி. (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) வேலையை முடிங்க. 2016 மாற்றுத்திறனாளி உரிமைச் சட்டத்துல ஆட்டிசம் தனி வகை, 40 சதவீதம் இருந்தாத்தான் பெரும்பாலான சலுகை. அரசு மருத்துவமனைல ஐசா (ஆட்டிசத்துக்கான இந்திய மதிப்பீடு) அளவுகோல்ல பார்ப்பாங்க: 40 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 1-ல இருந்து 5 மதிப்பெண், 70-க்குக் கீழ வந்தா ஆட்டிசம் இல்லைன்னு கணக்கு. அன்னைக்குன்னு பாத்துப் புள்ளை அமைதியா உக்காந்துருவான். வீட்டுல ஓடறது, கையை ஆட்டறது, சத்தத்துக்கு அழுறது எல்லாம் ரெண்டு ரெண்டு நிமிஷ வீடியோவாப் போன்ல வச்சுக்கங்க. சான்றிதழ் வந்தா நேஷனல் டிரஸ்டோட (மத்திய அரசு அமைப்பு) நிராமயா மருத்துவக் காப்பீடு, வருஷத்துக்கு 1 லட்சம் வரைக்கும், தெரபிச் செலவும் அதுல ஒரு பகுதி வரும்.

மே 18, இரவு 8.35
காங்கயம் ரோடு

குட்டைக்கு வலை, கிணத்துக்குக் கம்பி போட்டாச்சு. மொட்டை மூணாவது வாரத்துப் படியிலயே நிக்குது, டிரிம்மர் முழங்கை வரைக்கும் வந்துருச்சு, தலைக்கு வரல. பூமுடின்னு முடிவு பண்ணிட்டோம். கேள்வி ஒண்ணு: கூடைல எட்டுத் தேங்காய் முடிச்சதும் அவனே திருப்பி எடுத்துட்டு வந்து மறுபடி ஆரம்பிக்கறான். நிறுத்தணுமா?

மே 18, இரவு 9.10
ஓ.டி. பீளமேடு

திருப்பிக் கொண்டு வரச் சொல்லாதீங்கன்னேன், அவனா கொண்டு வந்தா என்ன பண்றதுன்னு சொல்லல. என் தப்பு. ரெண்டாவது நடைக்கு ஒரு படம் வைங்க, அதோட முடிஞ்சது. மூணாவதுக்குப் போனா கூடையை மூடிட்டுத் தண்ணித் தம்ளரைக் காட்டுங்க.

மே 18, இரவு 9.14
அமராவதி பாசனம்

சம்பளம் பேசிருங்க. இந்த வெயில்ல தேங்காய் சுமக்க ஆள் கிடைக்கல.